ஒன்று புள்ளி மூன்று மைக்ரான்

பஸ் டிப்போவில் அன்று பஸ்களுக்கே இடமில்லை. கழுவும் கொட்டகையிலிருந்து வாசல் கேட் வரைக்கும் மனிதத் தலைகள். அத்தனை தலைகளும் தமக்குள் இருப்பதை அளந்துகொள்ள வந்திருந்தன.

நடுவில் ஒரு நீளமான வெள்ளை டிரெய்லர் நின்றது. அதன் பக்கவாட்டில் மூளையின் படம், மூளைக்குள் ஒரு மின்னல், அதற்குக் கீழே கொட்டை எழுத்தில்: "உங்கள் நரம்பின் தடிமனே உங்கள் வாழ்வின் தடிமன்." வாழ்வுக்கு ஏது தடிமன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கொட்டை எழுத்தில் எழுதியதைக் கேள்வி கேட்கக் கூடாது என்பதில் நம் மக்கள் எப்போதும் உறுதியானவர்கள்.

டிரெய்லருக்குள் எம்.ஆர்.ஐ. மெஷின் இருந்தது. அசல் மெஷின்தான். அதில் பித்தலாட்டம் ஏதும் இல்லை. அதற்கு முன்னால் திரை போட்ட சின்ன அறையில் உட்கார்ந்திருந்தவரிடம்தான் விஷயம் இருந்தது. மைக்ரான் ஐயா என்று அவருக்குப் பெயர். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். மூளைக்குள் ஓடும் நரம்பிழைகளின் தடிமனை அவர் மைக்ரான் கணக்கில் சொல்வார். தடித்த நரம்பில் செய்தி வேகமாகப் போகும், மெல்லிய நரம்பில் மெதுவாகப் போகும், ஆகவே ஒருவருடைய புத்தி, பொறுமை, நாணயம், திருமண வாழ்க்கை எல்லாம் அந்த ஓர் எண்ணில் அடங்கிவிடும் என்பார். "ஆகவே" என்ற சொல்லுக்கு முன்னால் இருப்பது பாடப்புத்தகத்தில் உள்ளது. அதற்குப் பின்னால் வருவது முழுக்க அவருடைய சொந்தத் தயாரிப்பு.

வந்தவர்கள் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். பெயர் வேண்டாம், டோக்கன் எண் போதும். வயது, ஆணா பெண்ணா, தொழில். அவ்வளவுதான். படிவம் திரைக்குப் பின்னால் போகும். ஆள் மெஷினுக்குள் போவார். நாலு நிமிடம் டக்டக்கென்று சத்தம். பின்வாசல் வழியாக இறங்குவதற்குள் ஸ்பீக்கரில் ஐயாவின் குரல் வரும்.

"நான் முகத்தைப் பார்க்க மாட்டேன். முகம் ஏமாத்தும். நரம்பு ஏமாத்தாது" என்று அவர் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். கூட்டம் சொக்கிப்போனது. ஆளையே பார்க்காமல் ஆளைச் சொல்கிறார் என்றால் எவ்வளவு நேர்மையான மனிதர்.

மெஷினில் காந்தம் இருப்பதால் உலோகம் எதுவும் கூடாது என்று ஓர் அறிவிப்பு தொங்கியது. மோதிரம், சாவிக்கொத்து, பெல்ட் எல்லாம் கழற்றினார்கள். சிலர் செருப்பையும் கழற்றினார்கள். ஒருவர் டிரெய்லரின் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். காந்தத்துக்கு இவ்வளவு மரியாதை அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து கிடைத்திருக்காது.

முதலில் பஸ் முதலாளி. ஆறு புள்ளி நாலு. கைதட்டல். அடுத்து முதலாளியின் மச்சான். இவர் டிப்போவில் என்ன வேலை பார்க்கிறார் என்பது அவருக்கும் தெரியாது; படிவத்தில் தொழில் என்ற இடத்தில் முதலாளியின் மச்சான் என்றே எழுதியிருந்தார். ஐந்து புள்ளி ஒன்பது. டிப்போ மேனேஜர் நாலு புள்ளி ஆறு. கணக்கு எழுதுகிறவர் மூன்று. டிரைவர்கள் இரண்டும் சொச்சமும். கண்டக்டர்கள் அதற்கும் கீழே. மூன்றுக்குக் குறைந்தவர்களுக்கு ஐயா ஒரு தொப்பி கொடுத்தார். உள்ளே செப்புக் கம்பி பின்னிய தொப்பி. நாற்பது நாள் விடாமல் போட்டுக்கொண்டால் நரம்பு தடிக்குமாம். தொப்பிக்கு விலை தனி.

அப்புறம் டிரைவர் அக்காவின் முறை வந்தது.

நாற்பது டிரைவர்களில் அவள் ஒருத்திதான் பெண். வயதில் மூத்தவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாறு வருடமாக ஆஸ்பத்திரி வழித்தடத்தில் ஓட்டுகிறாள். கடைத்தெரு சந்து, அதைத் தாண்டினால் செங்குத்தான மேடு, மேட்டு உச்சியில் ஆஸ்பத்திரி. நோயாளிகள் குலுங்காமல் போக வேண்டும் என்று அவள் வண்டிக்காகக் காத்திருந்து ஏறுகிறவர்கள் உண்டு. பதினாறு வருடத்தில் வண்டியில் ஒரு கீறல்கூட விழவில்லை.

ஸ்பீக்கர் கரகரத்தது. "ஒன்று புள்ளி மூன்று. ரொம்ப மெலிவு. கண் பார்த்தது காலுக்குப் போய்ச் சேர நேரமாகும். இந்த அம்மா வண்டி ஓட்டுறது ஆபத்து. இதுவரைக்கும் ஒண்ணும் நடக்கலைன்னா அது அதிர்ஷ்டம்."

கூட்டத்தில் சலசலப்பு. அவள் வண்டியில் பத்து வருடமாக ஏறி இறங்கிய ஒருவர் நெஞ்சில் கைவைத்துப் பெருமூச்சு விட்டார். எவ்வளவு பெரிய ஆபத்திலிருந்து தப்பித்திருக்கிறோம் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் மேனேஜர் அவளைக் கூப்பிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. நாற்பது நாள் தொப்பி போடுங்க. அதுவரைக்கும் ரூட்டுக்குப் போக வேணாம். காலி வண்டியைக் கொட்டகைக்குக் கொண்டுபோய்க் கழுவ விடுங்க, திருப்பிக் கொண்டுவந்து நிறுத்துங்க."

"சார், பதினாறு வருஷமா ஓட்டுறேன்."

"எனக்குத் தெரியாதா? ஆனா இது சயின்ஸ்."

வீட்டுக்குச் செய்தி அவளுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. கணவன் அச்சகத்தில் புத்தகம் தைக்கிறவன். நல்ல மனிதன், கெட்டது எதுவும் செய்யத் தெரியாதவன், யோசிக்கவும் அவ்வளவாகப் பழக்கமில்லாதவன். காலையில் ஸ்கூட்டர் சாவியை மட்டும் ஆணியிலிருந்து எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டான். ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகளைத் தினமும் பள்ளியில் விடுவது அவள்தான்.

"நான் விட்டுட்டு வர்றேன்" என்றான்.

"ஏன்?"

அவன் பதில் தேடுவதற்குள் மகள் சொல்லிவிட்டாள். "உனக்கு நரம்பு மெலிசாமே அம்மா. ஸ்கூல்ல எல்லாரும் சொல்றாங்க. நான் அப்பாகூடவே போறேன்."

அக்கா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே வெகுநேரம் துடைத்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்த வியாபாரத்தின் விசேஷம். அவள் தன் காலைக் கவனிக்க ஆரம்பித்தாள். கண் பார்த்ததா, கால் போனதா, எவ்வளவு நேரமாயிற்று? பதினாறு வருடம் தானாக வேலை செய்த காலை, இப்போது ஒவ்வொரு தடவையும் கேட்டுக் கேட்டு நகர்த்தினாள். தடுமாறாத கால் இருக்குமா? ஒன்பதாம் நாள், கொட்டகைக்குள் வண்டியைத் திருப்பும்போது தூணில் உரசிவிட்டாள். முழங்கை நீளத்துக்குப் பெயின்ட் போயிற்று.

மேனேஜர் ஓடி வந்து பார்த்தார். அவர் முகத்தில் வருத்தத்தைவிடத் திருப்திதான் அதிகம். "பாத்தீங்களா, ஐயா சொன்னது அப்படியே பலிச்சிடுச்சு."

ஒருவனை நாள் முழுக்க நொண்டி நொண்டி என்று சொல்லி நடக்கவிட்டு, அவன் தடுக்கி விழுந்ததும் கைதட்டுவதற்குத் தீர்க்கதரிசனம் என்று பெயர்.

அந்த வார இறுதியில் அக்காவின் தங்கை வந்தாள். வேறு ஊரில் ஓர் ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. படம் எடுப்பதுதான் அவள் வேலை. பதினோரு வருடமாக அதே மெஷின், அதே டக்டக். சமையலறை மேசையில் அக்கா தொப்பியோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டுத் தலைவலியா என்று கேட்டாள். விஷயம் முழுக்கக் கேட்டபிறகு அவளுக்கே தலைவலி வந்தது.

"எவ்வளவு நேரம் உள்ள படுத்திருந்தே?"

"நாலு நிமிஷம்."

"நாலு நிமிஷத்துல நரம்பிழையை அளந்துட்டாராமா?"

"மெஷின் பொய் சொல்லுமாடி?"

"மெஷின் எதுவுமே சொல்லல அக்கா. அது படம் எடுத்துச்சு. சொன்னது அந்த ஆளு." தங்கை விரல் நுனியைக் காட்டினாள். "நாங்க எடுக்கிற படத்துல ஒரு புள்ளின்னா கிட்டத்தட்டக் கடுகு சைஸ். அந்தக் கடுகுக்குள்ள லட்சக்கணக்குல நரம்பிழை ஓடும். தலைமுடி ஒண்ணை நூறாக் கிழிச்சா எவ்வளவு மெலிசு, அவ்வளவு மெலிசு ஒவ்வொண்ணும். தூரத்துல தெரியிற காட்டை ஒரு போட்டோ எடுத்துட்டு, அதுல ஒரு புல்லோட அகலம் இவ்வளவுன்னு சொல்ற மாதிரி இது."

"அப்ப அளக்கவே முடியாதா?"

"அளக்கப் பாக்குறவங்க இருக்காங்க. ஆராய்ச்சிக்கூடத்துல, அதுக்குன்னே பலமான மெஷின் வெச்சு. இழைக்குள்ள தண்ணி எவ்வளவு தூரம் அசையுதுன்னு பாத்துக் கணக்குப் போடுவாங்க. கடைசியில, இந்தப் பகுதியில சராசரியா இவ்வளவு இருக்கலாம்னு சொல்லுவாங்க. இருக்கலாம்னுதான் சொல்லுவாங்க. ரொம்ப மெலிசா இருக்கிறதெல்லாம் அவங்களுக்கே ஒண்ணுபோலத்தான் தெரியும். உன் கால் எப்ப பிரேக்குக்குப் போகும்னு அவங்கள்ல ஒருத்தரும் சொன்னதில்ல."

அக்கா நம்பவில்லை. நம்ப ஆசையாக இருந்தது, ஆனால் தூணில் உரசியது அவள் கண்ணுக்குள்ளேயே நின்றது. தன் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். மேனேஜர் எல்லோருடைய எண்களையும் டைப் அடித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார். அதை அவள் படம் பிடித்து வைத்திருந்தாள்.

தங்கை மேலிருந்து கீழே படித்தாள். பிறகு இன்னொரு தடவை படித்தாள்.

"இந்தப் பட்டியலை நான் ஏற்கெனவே பாத்திருக்கேன்."

"எங்க?"

"உங்க ஆபீஸ் சுவர்ல. யார் முதலாளி, யார் அவருக்குக் கீழ, யார் அதுக்கும் கீழன்னு ஒரு போர்டு இருக்குமே, அதே வரிசைதான் இது. ஒருத்தர்கூட இடம் மாறல." விரல் ஓர் இடத்தில் நின்றது. "டிரைவருங்க எல்லாருக்கும் ரெண்டுக்கு மேல. உனக்கு மட்டும் ஒண்ணு புள்ளி மூணு. அவங்களும் டிரைவர், நீயும் டிரைவர். தொழிலைத் தவிர படிவத்துல வேற என்ன எழுதினே?"

அக்கா சற்று யோசித்தாள்.

"ஆணா பெண்ணான்னு ஒரு கட்டம் இருந்துச்சு."

அக்கா தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். மெதுவாகத்தான் கழற்றினாள். ஆனால் அதற்குப் பிறகு அதைத் தொடவில்லை.

நாற்பது நாள் முடிந்ததும் டிரெய்லர் மறுபடி வந்தது. இரண்டாம் அளவெடுப்பு. தொப்பி போட்டவர்களுக்கெல்லாம் எண் ஏறியிருக்கும் என்று ஐயா முன்கூட்டியே அறிவித்திருந்தார். நரம்பு வளர்வதற்கு முன்னாலேயே அறிவிப்பு வளர்ந்துவிட்டது. கூட்டம் போன தடவையைவிட இரண்டு மடங்கு. பெண் பார்க்கப் போகிற வீட்டுக்காரர்கள், வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள், பையனை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்று குழம்பியவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். யோசிக்கிற சிரமத்தை வாங்கிக்கொள்ள ஆள் கிடைத்தால் விடுவார்களா?

கூட்டம் சேருவதற்கு முன்பே அக்காவும் தங்கையும் டிரெய்லரின் பின்வாசலில் ஏறினார்கள். உள்ளே மெஷினை ஓட்டும் ஆபரேட்டர் மட்டும் இருந்தார். வேலைக்கு வைத்த ஆள். தூக்கம் இல்லாத கண்கள். அவர் மெஷினுக்குள் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை வைத்துக்கொண்டிருந்தார். உருண்டையாக, தலை அளவில், தண்ணீர் நிரப்பி மூடியது. மெஷின் சரியாக ஓடுகிறதா என்று தினமும் காலையில் அதைப் படம் எடுத்துப் பார்ப்பார்கள். தங்கைக்கு அது பழகிய பொருள். தொழில்காரர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு சுருக்கமாக முடியும்.

"என்ன படம் எடுக்கிறீங்க?"

"சாதாரணத் தலைப் படம். அதுலயும் பாதி."

"அதுல நரம்பு தடிமன் வருமா?"

"உங்களுக்கே தெரியுமே."

"உங்க வாயால கேக்கணும்."

"வராது." ஆபரேட்டர் கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டார். "அவரு படத்தைத் திறந்தே பாத்ததில்லம்மா. ஒரு தடவை மெஷின் பாதியில நின்னுடுச்சு. படமே விழல. நான் போய்ச் சொல்றதுக்குள்ள நாலு புள்ளி ரெண்டுன்னு ஸ்பீக்கர்ல வந்துடுச்சு."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் ஆபரேட்டர் சிரிக்கவில்லை.

"போன மாசம் ஒருத்தர் படத்துல கட்டி மாதிரி ஒண்ணு தெரிஞ்சுது. நிஜமான கட்டி. இவருகிட்டப் போய்ச் சொன்னேன். அது நம்ம வேலை இல்லன்னுட்டாரு. மூணு புள்ளி எட்டு, நீண்ட ஆயுள்னு ஸ்பீக்கர்ல சொல்லிட்டாரு. நான் பின்பக்கமா ஓடிப்போய் அந்த மனுஷனைப் பிடிச்சு, உடனே டாக்டர்கிட்டப் போங்கன்னேன். என்னைத் திட்டினாரு. ஐயா நீண்ட ஆயுள்னு சொல்லிட்டாரு, நீ யாருய்யான்னு கேட்டாரு."

"டாக்டர்கிட்டப் போனாரா?"

"தெரியல. அவரோட டோக்கன் நம்பர் மட்டும்தான் என்கிட்ட இருக்கு."

தங்கை இரண்டு படிவங்களைப் பையிலிருந்து எடுத்தாள். பிறகு அந்தத் தண்ணீர் பாட்டிலைக் காட்டினாள். ஆபரேட்டர் பாட்டிலைப் பார்த்தார், படிவங்களைப் பார்த்தார். மறுபேச்சு பேசாமல் வாங்கிக்கொண்டார்.

அன்று முதல் டோக்கனுக்கு நாலு நிமிடம் டக்டக்கென்று மெஷின் ஓடியது. ஸ்பீக்கர் கரகரத்தது.

"டோக்கன் ஒன்று. அறுபத்தெட்டு வயது, ஆண். ஓய்வு பெற்ற நீதிபதி. ஆறு புள்ளி எட்டு. எப்பேர்ப்பட்ட நரம்பு. இவர் பேசினா நாலு பேர் கேப்பாங்க. ஞாபக சக்தி அபாரம். குடும்பத்துல மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போகணும்."

கூட்டம் கைதட்டியது. முதலாளியைவிட அதிகமாயிற்றே என்று அவருடைய மச்சான் முகம் சுளித்தார்.

மறுபடி டக்டக்.

"டோக்கன் இரண்டு. ஐம்பது வயது, பெண். வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறவர். ஒன்று புள்ளி ஒன்று. மெலிவு. சொன்னது மண்டையில ஏறாது, கோபம் மட்டும் சட்டுனு வரும். இந்த அம்மாவுக்கு ஒரு தொப்பி பத்தாது, ரெண்டு."

டிரெய்லரின் பின்கதவு திறந்தது. டிரைவர் அக்கா இறங்கினாள். இரண்டு கையாலும் அந்தப் பாட்டிலைப் பிடித்திருந்தாள். கூட்டம் விலகி வழிவிட்டது. மேனேஜர் உட்கார்ந்திருந்த மேசைமேல் அதை வைத்தாள். தண்ணீர் ஒருமுறை ஆடி அடங்கியது.

"நீதிபதி வந்திருக்காரு சார்" என்றாள். "பாத்திரம் தேய்க்கிற அம்மாவும் வந்திருக்காங்க. ரெண்டு பேரும் இவருதான்."

மேனேஜருக்குப் புரியவில்லை. நாலு புள்ளி ஆறு மைக்ரான் நரம்பில் செய்தி கொஞ்சம் தாமதமாகத்தான் போயிற்று. தங்கை உரத்த குரலில், நிதானமாக, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொன்னாள். உள்ளே போனது இந்தப் பாட்டில். இரண்டு தடவையும் இதே பாட்டில். மாறியது படிவத்தில் எழுதியிருந்த வயதும், தொழிலும், ஆணா பெண்ணா என்பதும் மட்டும். படம் கம்ப்யூட்டர் திரையில் ஓடியது, வெள்ளையாக ஒரு வட்டம். ஐயா அதை ஏறிட்டும் பார்க்கவில்லை.

ஆபரேட்டர் படியில் நின்று, "ஆமா, அதுதான் நடந்துச்சு. நான்தான் படம் எடுத்தேன்" என்றார்.

மெக்கானிக் ஒருவன், எல்லோரும் ஸ்பேனர் என்று கூப்பிடுகிறவன், முன்னால் வந்தான். தொப்பியால் நாற்பது நாளாக அவன் நெற்றி முழுக்க வேர்க்குரு. பாட்டிலைச் சுற்றி வந்து பார்த்தான்.

"ஐயா, ஒரு சந்தேகம். இந்தப் பாட்டில் குடும்பத்துல எப்படி விட்டுக்கொடுத்துப் போகணும்?"

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு பத்துப் பேர். பிறகு டிப்போவே சிரித்தது. திரையை விலக்கிக்கொண்டு மைக்ரான் ஐயா வெளியே வந்தார். வழுக்கை மினுங்கும் சாதாரண மனிதர். முகத்தைப் பார்க்க மாட்டேன் என்றவர், இப்போது இத்தனை முகங்களை ஒரே நேரத்தில் பார்க்க வேண்டி வந்தது.

"தண்ணிக்கும் உணர்வு உண்டு. கொண்டுவந்த கையோட நரம்பு அதுல பதிஞ்சிருக்கு" என்றார்.

"ரெண்டு தடவையும் கொண்டுவந்தது என் கைதான்" என்றாள் அக்கா. "ஆறு புள்ளி எட்டு என்னோடதா, ஒண்ணு புள்ளி ஒண்ணு என்னோடதா?"

"இது சதி. படிவத்துல பொய் எழுதினா அளவு தப்பாத்தான் வரும்."

"ஐயா, நீங்க அளக்குறது நரம்பைத்தானே? படிவத்தை இல்லையே?" என்றாள் தங்கை. "சரி, ஒண்ணு செய்வோம். இங்க இருக்கிறவங்கள்ல யாரையாவது ஒருத்தரை மூணு தடவை உள்ள அனுப்புவோம். படிவத்துல டோக்கன் நம்பர் மட்டும்தான் இருக்கும். தொழில் இருக்காது, வயசு இருக்காது, ஆணா பெண்ணான்னு இருக்காது. மூணு தடவையும் ஒரே எண் வரட்டும். இத்தனை பேர் முன்னால நான் உங்ககிட்ட மன்னிப்புக் கேக்குறேன்."

ஐயா கூட்டத்தைப் பார்த்தார். "நம்பிக்கை இல்லாத இடத்துல மெஷின் வேலை செய்யாது" என்றார்.

"மின்சாரம் இருந்தா வேலை செய்யும்" என்றார் ஆபரேட்டர்.

அதற்கப்புறம் பேச்சு ஐயாவின் கையில் இல்லை. பெண் பார்க்கப் போகிற வீட்டுக்காரர்கள் நைசாக நழுவினார்கள். மாப்பிள்ளைக்கு நரம்பு மெலிவு என்று மகள் கல்யாணத்தை நிறுத்திய தகப்பன் ஒருவர் படிமேல் ஏறி ஐயாவின் சட்டைக் காலரைப் பிடித்தார். ஸ்பேனரும் இரண்டு கண்டக்டர்களும் நடுவில் புகுந்து பிரித்துவிட்டார்கள். யாரோ போலீசுக்குப் போன் செய்தார்கள். போலீஸ் வரும் வரை ஐயா டிரெய்லர் படியிலேயே உட்கார்ந்திருந்தார். ஆபரேட்டர் மட்டும் ஐயாவின் அறையிலிருந்து பழைய டோக்கன்களும் படிவங்களும் இருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு தங்கையிடம் வந்தார். கட்டி இருந்த அந்த மனிதரை எப்படியாவது தேடிப் பிடிக்க வேண்டும் என்றார். இரண்டு பேரும் அங்கேயே தரையில் உட்கார்ந்து சீட்டுகளைப் பிரிக்க ஆரம்பித்தார்கள். படிவத்திலிருந்த வயதையும் தொழிலையும் வைத்து விசாரித்து மூன்றாம் நாள் ஆளைக் கண்டுபிடித்தார்கள். இந்தத் தடவை அவர் டாக்டரிடம் போனார்.

அக்காவின் கணவனும் அன்று கூட்டத்தில்தான் நின்றிருந்தான். கிட்டே வந்து ஸ்கூட்டர் சாவியை நீட்டினான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். அக்கா சாவியை வாங்கிக்கொண்டாள். அவன் பேச்சை வாங்கிக்கொள்ளவில்லை. அதற்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.

மேனேஜர் அறிவிப்புப் பலகையிலிருந்த பட்டியலைக் கிழித்து, கையில் கசக்கி வைத்துக்கொண்டு, எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றார்.

"நாளைக்கே ரூட்டுக்குப் போங்க" என்றார். "எல்லாரும் நம்பினாங்க, நானும் நம்பிட்டேன். சயின்ஸ்னு சொன்னா நான் என்ன செய்யிறது?"

"கேட்டிருக்கலாம் சார்."

"யாரைக் கேக்குறது? எனக்கென்ன நரம்பைப் பத்தித் தெரியும்?"

"நரம்பைப் பத்தி எதுக்குக் கேக்கணும்? பதினாறு வருஷமா என் வண்டியில மேடு ஏறினவங்க தினம் உங்க ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியிலதான் நிக்கிறாங்க. அவங்கள்ல ஒருத்தரைக் கூப்பிட்டு, இந்த அம்மா எப்படி ஓட்டுதுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

மேனேஜர் கசங்கிய பட்டியலைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டார். இதற்குப் பதில் உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஏனென்றால் உங்கள் தெருவுக்கும் ஒருநாள் ஒருவர் வருவார். அவர் கையில் ஓலை இருக்காது, கம்ப்யூட்டர் இருக்கும். மந்திரம் சொல்ல மாட்டார், புள்ளி வைத்த எண் சொல்வார். "இன்னொரு தடவை அளந்து காட்டுங்க" என்று அவரிடம் ஒரே ஒரு வரி கேளுங்கள். அதைக் கேட்பதற்கு எத்தனை மைக்ரான் நரம்பிருந்தாலும் போதும். அதைக்கூடக் கேட்க மாட்டேன் என்கிற தலையை எந்த மெஷினுக்குள் நுழைத்து என்ன பிரயோஜனம்?